பத்தாவதுக்கு அப்புறம் அக்ரி: எந்த குரூப்பில் சேர்ப்பது?

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த அன்று சாயங்காலம் அண்ணன் கடைக்கு வந்து ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். பின்னாலேயே அவர் மகள். 500க்கு 412 மதிப்பெண். அறிவியலில் 94, கணக்கில் 61. "இவ அக்ரிதான் படிப்பேங்கறா. எந்த குரூப்புல போடுறதுன்னு நீயே சொல்லுடா" என்றார்.

அவர் என்னிடம் வந்ததற்குக் காரணம் உண்டு. எங்கள் குடும்பத்தில் விவசாயம் பார்த்தவர்கள் நிறையப் பேர். அதைப் பள்ளிக்கூடத்தில் பாடமாகப் படித்தது நான் ஒருவன்தான். 1992 முதல் 94 வரை அரசு மேல்நிலைப் பள்ளியில் தொழிற்கல்விப் பிரிவில் வேளாண்மை படித்தேன். வேளாண் கல்லூரிக்கு விண்ணப்பித்தேன், கிடைக்கவில்லை. அப்புறம் கலைக் கல்லூரியில் தாவரவியல். இப்போது ஆலங்குடிப் பக்கம் விதை, உரம், பூச்சிமருந்து விற்கிறேன். ஆகவே நான் சொல்வதில் ஓர் உரக்கடைக்காரனின் சாய்வு இருக்கும். அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

அண்ணன் யோசனை கேட்க வந்தாரே தவிர, மனத்துக்குள் ஏற்கெனவே முடிவு வைத்திருந்தார். விடுதியோடு கூடிய தனியார் பள்ளி, பயோ-மேத்ஸ் குரூப், 200க்கு 190க்கு மேல் கட்-ஆஃப், கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் சீட். மகளுக்கு வேறு யோசனை. ஏழு கிலோமீட்டர் தள்ளி இன்னொரு அரசுப் பள்ளியில் தொழிற்கல்வி வேளாண்மை இருக்கிறது. "அங்க வயல்லயே கிளாஸாம் சித்தப்பா" என்றாள். சொன்னது அங்கே படிக்கும் ஓர் அக்கா.

இப்படித் தொடங்கிய பேச்சு ஒரு வாரம் நீண்டது. அதில் தெளிந்ததை, இதே நிலையில் நிற்கும் மற்ற வீடுகளுக்கும் உதவும் என்று எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். பி.எஸ்சி. வேளாண்மை படிக்கப் பள்ளியில் வேளாண்மை படித்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. அங்கே போகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்துவிட்டுத்தான் போகிறார்கள். இரண்டு ஆண்டு வேளாண் பட்டயப் படிப்பும் பிளஸ் டூவுக்குப் பிறகுதான் வருகிறது. ஆகவே பதினொன்றாம் வகுப்பில் எழும் கேள்வி "விவசாயம் படிப்பதா வேண்டாமா" என்பதில்லை. விவசாயத்தை இப்போதே படிப்பதா, இப்போது அறிவியலைப் படித்துவிட்டு விவசாயத்தைப் பிறகு படிப்பதா என்பதுதான்.

வயலில் வகுப்பு

தமிழ்நாட்டில் 1978இல் பிளஸ் டூ வந்தபோதே தொழிற்கல்விப் பிரிவும் வந்தது. பன்னிரண்டு முடித்த கையோடு ஒரு தொழில் தெரிந்திருக்க வேண்டும் என்பது எண்ணம். வேளாண்மை அதில் ஒன்று. 2018இல் பாடத்திட்டம் மாறத் தொடங்கிய பிறகு அதற்கு வேளாண் அறிவியல் என்று பெயர். கருத்தியல் ஒரு புத்தகம், செய்முறை ஒரு புத்தகம்.

நான் படித்த பள்ளியில் முக்கால் ஏக்கர் நிலமும் ஒரு கிணறும் இருந்தன. எங்கள் விவசாயப் பயிற்றுநர் கரும்பலகையில் எழுதியது குறைவு. ஈரச் சாக்கில் நூறு விதையைச் சுருட்டி வைத்து எத்தனை முளைக்கிறது என்று எண்ணச் சொல்வார். உளுந்து பூக்கும் நேரத்தில் 2 சதவீத டிஏபி உரக் கரைசல் தெளிக்க வேண்டும், பதினைந்து நாள் கழித்து மறுபடியும் ஒரு தடவை. ஏக்கருக்கு 4 கிலோ டிஏபி, 200 லிட்டர் தண்ணீர். முதல் நாள் ராத்திரியே ஊறவைத்துத் தெளிந்த நீரை மட்டும் வடிக்க வேண்டும், இல்லாவிட்டால் தெளிப்பான் அடைத்துக்கொள்ளும். நாங்கள் வடிக்காமல் ஊற்றி, அடைத்துக்கொண்டு, நாசிலைக் கழற்றி வாயால் ஊதி, அதற்கு வாங்கிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது. முப்பது வருடம் ஆகியும் வாரத்துக்கு ஒருவருக்காவது இதைக் கடையில் நின்று சொல்கிறேன். பி.எஸ்சி. தாவரவியலில் படித்ததில் எதையும் இப்படி வாரந்தோறும் எடுத்து வைத்ததாக நினைவில்லை.

இது ஒரு பக்கம். மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும்.

பெரும்பாலான பள்ளிகளில் குரூப் பிரிப்பது எப்படி என்று எல்லோருக்கும் தெரியும். நானூறுக்கு மேலே பயோ-மேத்ஸ், அதற்குக் கீழே கம்ப்யூட்டர், அதற்குக் கீழே காமர்ஸ், மிச்சம் இருப்பவர்கள் ஒக்கேஷனல், அதாவது தொழிற்கல்வி. ஆர்வம் இருந்து வருகிற பிள்ளையும், வேறு இடம் இல்லாமல் வருகிற பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்காருகிறார்கள். ஆசிரியரும் பாதி நாளில் ஓய்ந்துபோகிறார். பயிற்றுநர் ஓய்வு பெற்றபின் அந்த இடத்துக்கு ஆள் வராமல், பிரிவையே மூடிவிட்ட பள்ளிகளும் உண்டு. நிலம் இருந்த இடத்தில் புதிய வகுப்பறைக் கட்டடம் எழுந்துவிட்ட பள்ளிகளும் உண்டு. அப்படிப்பட்ட இடத்தில் செய்முறை என்பது ரெக்கார்டு நோட்டில் மண்வெட்டிப் படம் வரைவதுதான்.

அதனால் தொழிற்கல்வி நல்லதா என்று பொதுவாகக் கேட்டால் பதில் இல்லை. எந்தப் பள்ளி என்று கேட்க வேண்டும். நிரந்தரமான பயிற்றுநர் இருக்கிறாரா, அவருக்கு இன்னும் எத்தனை வருடச் சர்வீஸ் இருக்கிறது, நிலமும் தண்ணீரும் இருக்கிறதா, போன வருடம் அதில் என்ன விளைந்தது? கடைசிக் கேள்விக்குப் பயிற்றுநர் சிரித்துக்கொண்டே பதில் சொன்னால் சேர்க்கலாம். தலைமையாசிரியரைப் பார்த்துத் திரும்பினால் யோசிக்க வேண்டும்.

இனி மேற்படிப்பு. கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகச் சேர்க்கையில் தொழிற்கல்வி மாணவர்களுக்கு 5 சதவீத இடம் தனியாக உண்டு. கால்நடை மருத்துவப் படிப்பிலும் தொழிற்கல்விக்குத் தனித் தரவரிசை போடுகிறார்கள். 5 சதவீதம் என்றால் வாசல் சின்னது, ஆனால் அதன் முன்னால் நிற்கும் கூட்டமும் சின்னது. பொது வரிசையில் 190க்கு மேல் எடுத்தவர்களோடு முட்டி மோத முடியாத பிள்ளைக்கு இது மெய்யான வாய்ப்பு. நான் தவறவிட்டது இந்த வாசலில்தான், அதுவும் சொற்ப மதிப்பெண்ணில். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். தொழிற்கல்விப் பிரிவில் வேளாண் பாடங்களோடு சேர்த்து எந்த அறிவியல் பாடங்களைப் பள்ளி தருகிறது என்று கேட்டுக்கொண்டு, அது பல்கலைக்கழகத்தின் அந்த வருடத் தகவல் கையேட்டில் கேட்டிருக்கும் பாடத்தோடு பொருந்துகிறதா என்று சேர்வதற்கு முன்பே ஒப்பிட்டுப் பாருங்கள். பன்னிரண்டாவது முடித்த பிறகு பார்த்துப் பயனில்லை.

தொழிற்கல்வியின் இன்னொரு குறை, மனம் மாறினால் திரும்ப வழி குறைவு. பதினைந்து வயதில் விவசாயம் என்று நிற்கும் பிள்ளை பதினேழு வயதில் நர்சிங் என்று சொல்லலாம், சட்டம் என்று சொல்லலாம். சட்டத்துக்குத் தடையில்லை. ஆனால் அறிவியல் சார்ந்த படிப்புகள் பலவற்றின் கதவு அதற்குள் சாத்தியிருக்கும்.

பலருக்குத் தெரியாத ஒரு சலுகையையும் சொல்லிவிடுகிறேன். மத்திய அரசின் வேளாண் மருத்துவ மையம், வேளாண் வணிக மையத் திட்டம் 2002 முதல் நடக்கிறது. ஹைதராபாத்தில் உள்ள மேனேஜ் நிறுவனத்தின் பொறுப்பில் 45 நாள் இலவசப் பயிற்சி, அதன்பின் வங்கிக் கடன், கடனில் 36 சதவீதம் மானியம், பெண்களுக்கு 44 சதவீதம். இது வேளாண் பட்டதாரிகளுக்கு மட்டும் என்றே பலரும் நினைக்கிறார்கள். பிளஸ் டூவில் வேளாண்மை படித்து 55 சதவீதம் எடுத்தவர்களும் தகுதியானவர்கள்தான். பதினெட்டு வயதுப் பையன் இந்தக் காகிதத்தோடு போனால் வங்கி மேனேஜர் எந்த முகத்தோடு பார்ப்பார் என்பது வேறு கதை.

பயோ-மேத்ஸா, பியூர் சயின்ஸா?

அண்ணனின் பயோ-மேத்ஸ் ஆசையில் தப்பில்லை. கதவுகளை எண்ணினால் அதிகம் திறந்திருப்பது அங்கேதான். பி.எஸ்சி. வேளாண்மை, தோட்டக்கலை, வனவியல், கால்நடை மருத்துவம், மீன்வளம் எல்லாவற்றுக்கும் போகலாம். பி.டெக். வேளாண் பொறியியல் போன்றவற்றுக்குக் கணக்கு இருந்தே ஆக வேண்டும், அதுவும் இதில் இருக்கிறது. தாவரவியல், விலங்கியல் தனித்தனியாக உள்ள பியூர் சயின்ஸில் பி.டெக். வேளாண் பொறியியல் பக்கம் போக முடியாது, மற்றபடி பி.எஸ்சி. வேளாண்மைக்கு அது போதும்.

வேளாண் பல்கலைக்கழகச் சேர்க்கைக்கு நீட் கிடையாது. பிளஸ் டூ மதிப்பெண்ணை 200க்குக் கணக்கிட்டுத் தரவரிசை. ஆகவே கணக்கு வராத பிள்ளையைப் பயோ-மேத்ஸில் போட்டால், எந்தக் கதவைத் திறக்கப் போட்டோமோ அதே கதவை அந்தக் கணக்கு மார்க் இழுத்து மூடிவிடும். 61 எடுத்த பெண்ணிடம் வகைக்கெழுவையும் தொகையீட்டையும் கொடுத்துவிட்டு 190 எதிர்பார்ப்பது பேராசை. இதை அண்ணனிடம் சொல்ல எனக்கு இரண்டு டீ தேவைப்பட்டது.

அதைவிட முக்கியமாக அவர் கணக்கில் எடுக்காத ஒன்று இருந்தது. அவர் மகள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படிக்கிறாள். 2021இல் வந்த சட்டப்படி, ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், பொறியியல், சட்டம் ஆகிய படிப்புகளில் 7.5 சதவீத முன்னுரிமை இடம் உண்டு. அந்த இடத்தில் சேர்கிறவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. பதினொன்றாம் வகுப்புக்கு மட்டும் தனியார் பள்ளிக்கு மாற்றினால் இது போய்விடும். அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குக் கல்லூரிக் காலத்தில் மாதம் 1000 ரூபாய் கொடுக்கும் புதுமைப் பெண் திட்டமும் கைவிட்டுப் போகும். லட்சக்கணக்கில் விடுதிக் கட்டணம் கட்டி, ஏற்கெனவே கையில் இருக்கும் ஒதுக்கீட்டைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, பொது வரிசையில் கடைசியில் போய் நிற்பது. அண்ணன் இதைக் கேட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "இத ஏன்டா எவனும் சொல்லல?" என்றார். தனியார் பள்ளியின் சேர்க்கை மேஜையில் யார் சொல்வார்கள்?

சரி, பி.எஸ்சி. சீட்டுக்கு ஏன் இத்தனை அடிபிடி? பெயர் ஒரு காரணம். 1868இல் சென்னை சைதாப்பேட்டையில் ஒரு வேளாண் பள்ளியாகத் தொடங்கி, 1906இல் கோவைக்குப் போய், 1971இல் பல்கலைக்கழகமான இடம் அது. இன்னொன்று வேலை. வேளாண்மை அலுவலர் பதவிக்கு டிஎன்பிஎஸ்சி, வங்கிகளில் வேளாண் கள அலுவலர், இந்திய வனப் பணி என்று நான்கு வருடப் படிப்புக்கு நேரே சில நாற்காலிகள் இருக்கின்றன. கோவை என்றே பிடிவாதம் பிடிக்கவும் வேண்டாம். மதுரை, கிள்ளிகுளம், திருச்சி, ஈச்சங்கோட்டை, வாழவச்சனூர் என்று உறுப்புக் கல்லூரிகள் பல. நமக்குப் பக்கத்தில் இசைக் கல்வெட்டுக்குப் பேர்போன குடுமியான்மலையிலேயே 2014 முதல் ஒன்று இருக்கிறது. பெண்களுக்கு மட்டும் என்று திருச்சி நாவலூர் குட்டப்பட்டில் தோட்டக்கலைக் கல்லூரி இருக்கிறது. பாடம் ஆங்கிலத்தில்தான் என்றாலும், கோவையில் வேளாண்மையையும் தோட்டக்கலையையும் தமிழ் வழியில் படிக்கவும் சில வருடங்களாக வழி செய்திருக்கிறார்கள்.

பி.எஸ்சி. படித்தவர்கள் வயலைப் பார்ப்பதில்லை என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. பாதிதான் உண்மை. ஏழாவது செமஸ்டரில் கிராமத்தில் தங்கி விவசாயிகளோடு இருந்தே ஆக வேண்டும். வேளாண் கல்லூரி மாணவிகள் செயல்விளக்கம் என்று பேப்பரில் வாராவாரம் மாவட்டச் செய்திப் பக்கத்தில் படம் வருகிறதே, அது இந்தப் பயிற்சிதான். படத்துக்குச் சிரித்துவிட்டுப் போகிறவர்களும் இருக்கிறார்கள். என் கடைக்கு வந்து, மூட்டைகளின் பின்பக்கத்தைப் படித்து, "இந்த மருந்தை இந்தப் பயிருக்குச் சிபாரிசு செய்யக் கூடாதே அண்ணே" என்று என்னையே மடக்கிய ஒரு பெண்ணும் இருந்தாள்.

அரசுக் கல்லூரியில் கிடைக்காவிட்டால் தனியார் கல்லூரி, நிகர்நிலைப் பல்கலைக்கழகம் என்று வீடுகள் ஓடும். அதில் ஒன்றை மட்டும் கேளுங்கள்: இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் அங்கீகாரம், அதாவது ஐசிஏஆர் அங்கீகாரம், அந்தக் கல்லூரிக்கு இருக்கிறதா, எந்த வருடம் வரை? மேற்படிப்புக்குப் போகும்போது அந்தக் காகிதம் கேட்பார்கள். வெளிமாநில வேளாண் பல்கலைக்கழகங்களில் ஐசிஏஆர் ஒதுக்கீட்டு இடங்களும் உண்டு. அதற்கு க்யூட் நுழைவுத் தேர்வு எழுத வேண்டும்.

யாரும் கேட்காத பட்டயப் படிப்பு

இந்த ஒரு வாரமும் அண்ணனோ மகளோ ஒரு தடவைகூட வாயில் எடுக்காதது டிப்ளமோ. நான் எடுத்தேன். "அது சீட்டு கெடைக்காதவங்க படிக்கிறதுல்ல?" என்றார் அண்ணன்.

இங்கேதான் எனக்கும் ஊருக்கும் கருத்து வேறுபாடு. பிளஸ் டூவுக்குப் பிறகு இரண்டு வருடம், நான்கு செமஸ்டர். வேளாண் பல்கலைக்கழகமே திருச்சி மாவட்டம் குமுளூரில் நடத்துகிறது, அதனோடு இணைந்த தனியார் நிறுவனங்களும் நடத்துகின்றன. பாடத்தில் பாதிக்கு மேல் கையும் காலும் சேறாகிற வேலை. முடித்தால் உதவி வேளாண்மை அலுவலர், உதவித் தோட்டக்கலை அலுவலர் பதவிகளுக்கு டிஎன்பிஎஸ்சி எழுதலாம். பி.எஸ்சி. படித்தவர் போகும் பதவிக்கு ஒரு படி கீழே. ஆனால் எந்த விவசாயியிடமும் கேட்டுப் பாருங்கள், வேளாண்மைத் துறை என்றால் அவருக்குத் தெரிந்த முகம் அந்த உதவி அலுவலர்தான்.

அப்புறம் கடை. சுமார் பத்து வருடங்களுக்கு முன் விதியைத் திருத்தி, பூச்சிக்கொல்லி விற்பனை உரிமத்துக்குக் கல்வித் தகுதியைக் கட்டாயமாக்கிவிட்டார்கள். வேளாண் பட்டம், வேதியியல், தாவரவியல், விலங்கியல் படித்த அறிவியல் பட்டம், அல்லது வேளாண் பட்டயம் ஏதாவது ஒன்று வேண்டும். எனக்கு என் தாவரவியல் கைகொடுத்தது. அது போதாதென்று, உரக்கடைக்காரர்களுக்கு என்றே 2003இல் மேனேஜ் தொடங்கிய டேசி பட்டயத்தையும் படித்தேன். ஒரு வருடம், ஞாயிற்றுக்கிழமை தோறும் வகுப்பு. என் பக்கத்தில் உட்கார்ந்தவர் வேளாண் பட்டயம் முடித்திருந்தால் அதற்கு வரவே தேவையில்லை. இரண்டு வருடப் படிப்பில் இருபது வயதுக்குள் ஒரு கடைக்குரிய தகுதியைக் கொடுக்கிற வேறு வழி எனக்குத் தெரிந்து இந்தத் துறையில் இல்லை.

இதன் குறை என்ன? மேலே ஏறுவது கஷ்டம். அரசு வேலைக்கு அறிவிப்பு எப்போது வரும் என்று சொல்ல முடியாது, சில சமயம் வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். தனியார் கம்பெனிகள் பட்டயக்காரருக்குக் கள உதவியாளர் வேலைதான் தருகின்றன, சம்பளமும் அதற்கேற்ற மாதிரி. பட்டயம் முடித்தால் நேரே பி.எஸ்சி. இரண்டாம் வருடத்தில் சேர்த்துக்கொள்வார்கள் என்று ஏதாவது ஒரு நிறுவனம் சொன்னால், பல்கலைக்கழக ஆணையைக் காட்டச் சொல்லுங்கள். வாய்ச்சொல்லை நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

சொந்த நிலம் இருந்து, அதில் இருக்கப்போகிற பிள்ளைக்கு நான் பி.எஸ்சி.யைவிடப் பட்டயத்தைத்தான் முதலில் சொல்வேன். அண்ணனுக்கு இரண்டு ஏக்கரும் ஒரு போர்வெல்லும் இருக்கின்றன. அதனால்தான் இந்தப் பேச்சை எடுத்தேன்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். திருச்சியில் இருக்கும் என் மச்சினன் சிபிஎஸ்இயிலும் வேளாண்மை உண்டே என்றான். உண்டு. ஒன்பது, பத்தில் 408, பதினொன்று, பன்னிரண்டில் 808 என்ற எண்ணுள்ள திறன் பாடம், 816 என்று தோட்டக்கலையும் இருக்கிறது. ஒன்பது, பத்து வகுப்புகளில் கத்தரி, தக்காளி, மிளகாய் என்று ஒரே குடும்பத்துப் பயிர்களை வைத்து நடத்துகிறார்கள், நல்ல யோசனைதான். ஆனால் அந்தப் பாடத்தை நடத்தும் பள்ளியைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். உயிரியல் குரூப்போடு இதையும் சேர்த்து எடுக்க முடிகிற பள்ளி கிடைத்தால் அது அதிர்ஷ்டம். க்யூட் தேர்விலும் வேளாண்மை ஒரு பாடம். கிராமத்திலிருந்து இதற்காக நகரத்துக்குப் பெயரச் சொல்ல மாட்டேன். வேளாண் பல்கலைக்கழகம் தொலைதூர வழியில் நடத்தும் ஆறு மாதச் சான்றிதழ் படிப்புகள், வேளாண் அறிவியல் நிலையங்கள் தரும் சில நாள் பயிற்சிகள் எல்லாம் எந்த குரூப் படித்தாலும் பிறகு எப்போது வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளக் கூடியவை. பள்ளி முடிவோடு அவற்றைக் குழப்ப வேண்டாம்.

போய்ப் பார்த்தோம்

ஞாயிறு போய் திங்கட்கிழமை மூவரும் அந்தத் தொழிற்கல்விப் பள்ளிக்குப் போனோம். பயிற்றுநர் நல்ல மனிதர். தோட்டத்தைக் காட்டினார். தென்னை ஆறேழு, ஒரு மூலையில் முருங்கை, நடுவே காய்ந்த பாத்திகள். எனக்கு முன்னால் அண்ணன் மகளே கேட்டுவிட்டாள்: "கெணத்துல தண்ணி இருக்கா சார்?" மோட்டார் பழுதாகி இரண்டு வருடம் ஆகிறதாம். "எழுதிப் போட்ருக்கேம்மா" என்றார். தனக்கு இன்னும் ஒன்றரை வருடத்தில் ஓய்வு என்பதையும் நாங்கள் கேட்காமலே சொன்னார். மறைக்கத் தெரியாத ஆள். அந்த வயலில் பயிர் இருந்து, அவருக்கு ஐந்து வருடம் சர்வீஸ் மிச்சம் இருந்திருந்தால் நான் இந்தக் கட்டுரையை வேறு மாதிரி முடித்திருப்பேன்.

திரும்பி வரும்போது பைக்கில் யாரும் பேசவில்லை. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஒரு தாளில் கணக்குப் போட்டோம். பயோ-மேத்ஸ் வேண்டாம், கணக்கு இழுக்கும். தனியார் விடுதி வேண்டாம், 7.5 போகும். தொழிற்கல்வி, இந்தப் பள்ளியில் வேண்டாம். மிச்சம், அவள் இதுவரை படித்த அதே அரசுப் பள்ளியில் பியூர் சயின்ஸ். பிளஸ் டூ முடித்ததும் பி.எஸ்சி.க்கும் பட்டயத்துக்கும் இரண்டுக்குமே விண்ணப்பம். இரண்டாவதைச் சீட்டு கிடைக்காதவர்களின் படிப்பு என்று வீட்டில் யாரும் சொல்லக் கூடாது என்று ஒரு நிபந்தனையும் தாளில் எழுதினேன். அண்ணன் படித்துவிட்டு, "சரி, சரி" என்று மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

ஆனால் அந்தப் பெண் முகம் தெளியவில்லை. "ரெண்டு வருசம் வயலுப் பக்கமே போகாம தவளையையும் கரப்பானையும் வரஞ்சிக்கிட்டு இருக்கணுமா சித்தப்பா?" நியாயமான கேள்வி. அரசுப் பள்ளியின் பியூர் சயின்ஸ் அவள் கேட்டதைக் கொடுக்காது. அந்தக் குறையை எந்தத் தகவல் கையேடும் தீர்த்து வைக்காது. சனிக்கிழமைகளில் கடைக்கு வரச் சொன்னேன். எனக்கும் ஓர் ஆள் கூட இருந்தால் நல்லதுதான்.

முதல் சனிக்கிழமை, புதிதாக வந்திறங்கிய வம்பன் ரக உளுந்து விதை மூட்டையிலிருந்து நூறு விதை எண்ணி எடுக்கச் சொல்லி, ஈரச் சாக்கில் வரிசையாக வைத்துச் சுருட்டிக் கொடுத்தேன். வீட்டுக்குக் கொண்டுபோய்த் தினமும் தண்ணீர் தெளித்து அடுத்த சனிக்கிழமை எடுத்து வந்தாள். கல்லாவுக்குப் பக்கத்தில் சாக்கை விரித்து, இரண்டு தடவை எண்ணினாள். 83. மூட்டையில் தைத்திருந்த அட்டையைப் புரட்டிப் பார்த்தாள். உளுந்துக்கு 75 இருந்தால் விற்கலாம்.

"அப்ப மிச்சம் பதினேழு ஏன் மொளைக்கல?" என்றாள். எனக்குத் தெரியவில்லை, கடையில் ஆள் நின்றதால் பிறகு பார்க்கலாம் என்றேன்.